பால் கலக்காத சாமான்

கன்றுக்குட்டி செத்த வாரமே மாரிசாமி அதன் தோலை உப்புத் தேய்த்துக் காயவைத்து, உள்ளே மானாப்புல்லைத் திணித்துத் தைத்துவிட்டான். அவனுக்கும் அது பிடித்த வேலையில்லை. ஆனால் கன்று பக்கத்தில் நிற்காவிட்டால் செவலைப் பசு மடியை இறுக்கிக்கொள்ளும். தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வீட்டுக்கும் கணக்கெழுதும் கிளாக்கர் வீட்டுக்கும் விடிந்ததும் பால் போயாக வேண்டும்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்புறம் அந்தத் தோல்கன்றைப் பசுவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பது அவன் மனைவி இராக்கம்மாவின் வேலை. பசு நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். ஒருநாள் காலையில் செவலை தோல்கன்றை நக்கிக்கொண்டே வந்து, அவள் மணிக்கட்டையும் சேர்த்து நக்கியது. சொரசொரப்பான, சூடான நாக்கு. இராக்கம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாரிசாமி கறந்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

அன்றைக்கு மலையில் யாரோ நீட்டிய பால் தேத்தண்ணி அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டொரு நாளில் கருவாடும் இறங்கவில்லை, முட்டையும் இறங்கவில்லை. விரதமா, நேர்த்தியா என்று லயத்தில் பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்த பெண்கள் கேட்டார்கள். திருவிழாக் காலத்தில் கவிச்சியை விடுகிறவர்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர். பாலையும் மோரையும் நெய்யையும் விட்ட ஆளை யாரும் பார்த்ததில்லை. இராக்கம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரொட்டியை வெறும் மிளகாயோடு தின்றுவிட்டு மலைக்கு ஏறினாள். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள். பகலில் கை ஓயாமல் கொழுந்தைப் பறித்தாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் கூடையோடு சரிவில் விழுந்தாள். டிஸ்பென்சர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை என்றார். பாலும் முட்டையும் சாப்பிடச் சொன்னார். தன் வீட்டுக்கு வருகிற பாலில் ஒரு கிளாஸைக் குறைத்துக்கொண்டு அவளையே குடிக்கச் சொன்னார், நல்ல மனதோடுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்கத் தானே பண்டாரவளை டவுனுக்குப் போவதாக இராக்கம்மா சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து கடைக்குப் போய்வந்தது மாரிசாமிதான். எந்தக் கடையில் எது நல்லது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பையை எடுத்துக் கொடுத்தான்.

பெரகலைச் சந்தியில் பஸ் ஏறி, பண்டாரவளையில் இறங்கியதும் சந்தைக் கூட்டத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. சில வருசங்களுக்கு முந்தி பருப்பைக் கண்ணாலும் காணாமல் மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்த காலம் அவளுக்கு மறக்கவில்லை. இப்போது எண்பத்திரண்டில் கடைகள் வழிந்தன. ஆனால் பார்க்கிற பக்கமெல்லாம் பால்மா டின், மீன் டின், மாசிக் கருவாடு, நெத்தலி. எதைக் கேட்பதென்று தெரியாமல் ஒரு கடை வாசலில் நின்றாள், நகர்ந்தாள், இன்னொரு வாசலில் நின்றாள். சுற்றிச் சுற்றி அதே வெற்றிலைக்காரனுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள்.

பசி தாங்காமல் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து சோறும் பருப்பும் கேட்டாள். முதல் வாயிலேயே ஏதோ நெருடியது. பரிமாறியவனிடம் கேட்டாள். வாசத்துக்குக் கொஞ்சம் மாசித்தூள் போட்டிருப்பதாகவும், அது போடாவிட்டால் பருப்பை யாரும் தொடமாட்டார்கள் என்றும் அவன் சொன்னான். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்தபோது கண் கலங்கிவிட்டது. கோபமா பசியா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் ஏறியது லத்தீப் முதலாளியின் பலசரக்குக் கடை. நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி. தோட்டத்து ஆட்கள் வழக்கமாக வாங்குவதை அவர் கேட்காமலே நிறுக்கத் தொடங்கினார். கருவாட்டைத் தொட்டபோது வேண்டாம் என்றாள். முட்டை, வேண்டாம். பால்மா, வேண்டாம். பிள்ளைகளுக்கென்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பையில் வைத்தார். அதில் பால் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, பொட்டலத்தைத் திருப்பி வாசித்து, இருக்கிறது என்றார்.

"அப்ப அதும் வேணாங்க."

"சைவம்னா பால் சாப்பிடலாமே தங்கச்சி. பால் ஏன் வேணாம்?"

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது அந்த இரைச்சலுக்கு நடுவில் வாயில் வந்துவிட்டது.

"கன்னுக்குட்டி செத்துப் போச்சுங்க மொதலாளி. தோலை அடைச்சு வச்சுத்தான் கறக்கிறோம். நான்தான் புடிக்கிறேன்."

லத்தீப் தராசிலிருந்து கையை எடுத்தார். பிஸ்கட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, மலையேறி வேலை செய்கிறவள் வெறும் ரொட்டியில் காலம் தள்ள முடியாது என்று சொல்லி, ஒவ்வொரு சாக்காகத் திறந்து காட்டினார். கடலை, பாசிப்பயறு, கௌபி என்ற தட்டைப்பயறு, எள்ளு, கச்சான் என்ற நிலக்கடலை. சோயா மீட் என்று புதிதாக வந்த ஒன்றைக் காட்டி, மீட் என்றால் இறைச்சி என்றபோது அவள் பின்வாங்கினாள். பேர்தான் இறைச்சி, உள்ளே வெறும் பயறு என்று அவர் சிரித்தார். அவள் நம்பாமல் முகர்ந்து பார்த்து, அதை விட்டுவிட்டு எள்ளைக் கூடுதலாகக் கட்டச் சொன்னாள். தேங்காய்ப்பாலில் கடலைக்கறி வைத்தால் மாசி கேட்காது என்றார் முதலாளி. தேங்காய்க்கும் பால் என்றுதானே பேர் என்று தோன்றி அவளுக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அன்று சாயங்காலம் கடலைக்கறி வைத்தாள். மாரிசாமி குறை சொல்லாமல் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக்கொண்டே, நாளையிலிருந்து கன்று பிடிக்கமாட்டேன் என்றாள். அவன் சத்தம் போட்டான். பிறகு தோல்கன்றைக் கம்பத்தில் கட்டிவைத்துத் தனியாகவே கறக்கப் பார்த்தான். செவலை செம்பை உதைத்துத் தள்ளியது. நாளாக நாளாகப் பால் சுண்டிப்போனது. அப்புத்தளை இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் மாட்டை விலைக்குப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

இராக்கம்மா இதை எதிர்பார்க்கவில்லை. தான் கையை எடுத்ததால்தான் செவலை கத்திக்குப் போகிறது என்று நினைக்க நினைக்க அவளால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கொழுந்தோடு முற்றிய இலையையும் கலந்து பறித்துக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். வேலை விட்டதும் லயத்துக்குப் போகாமல் பெரகலைக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கு இறங்கினாள். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வீடு வீடாகக் கேட்டாள். காளை வைத்திருந்த ஒரு வயல்காரர், பசு மறுபடி சினை பிடிக்கும் என்று நம்பி, வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். இறைச்சிக் கடைக்காரர் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்.

அதை மாரிசாமியிடம் சொல்ல அவள் பயந்தாள். அவன் கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டான்.

"அந்தத் தோலை உரிச்சவன் நான்தான் புள்ள. எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனச்சியா?"

மறுநாள் இருவருமாகச் செவலையை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள். வயல்காரர் கயிற்றை வாங்கியதும் பசு ஒருதரம் கத்தியது. இராக்கம்மா திரும்பிப் பார்த்தாள். மாரிசாமி பார்க்கவில்லை.

டிஸ்பென்சர் வீட்டில் பால்மா வாங்கத் தொடங்கினார்கள். பயறும் எள்ளும் தின்று இராக்கம்மாவுக்கு உடம்பு தேறியது. பிறகு அவள் மலையில் விழவில்லை. சாமான் வாங்க அவளேதான் போனாள். பஸ் பெரகலையை விட்டு மேலே ஏறும்போது ஜன்னல் வழியாகக் கீழே வயலைத் தேடுவாள். சில நாள் செவலை மேய்வது தெரியும். தெரியாத நாளில், இடம் இருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்தபடியே பண்டாரவளைவரை நின்றுகொண்டு போவாள்.