கீழ்நோக்கி மட்டும் மீட்டியவர்

காய்ச்சலில் இறந்துபோன தன் மகளின் கிட்டாரை அந்த வாஷிங் மெஷின் மெக்கானிக் எடுத்து மீட்டிய அன்றே, அவள் மாடிப்படியில் இறங்கத் தொடங்கினாள். ஆள் தெரியவில்லை. காலைத் தேய்த்து நடக்கும் அந்தச் சத்தம் மட்டும்தான். ஆனால் பெற்றவர்களுக்கு அது போதாதா? பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையால் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்டினால் ஒரு படி. அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

"நிறுத்தாதீங்க, வந்துட்டா பாருங்க" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு நர்ஸ், "கொஞ்சம் மெல்ல நடக்கச் சொல்லுங்க, இப்பதான் டியூட்டி முடிச்சுப் படுத்தேன்" என்று சுவரைத் தட்டினாள். அவர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் மீட்டிக்கொண்டே இருந்தார். சத்தம் கூடத்தைக் கடந்தது, வாசலைத் தாண்டியது, தெருவில் இறங்கிவிட்டது. பதறிப்போய்க் கையை எடுத்தபோது அவள் தெருமுனை மருந்துக்கடை முன்னால் நின்றிருந்தாள்.

"திருப்பிக் கூப்பிடுங்க!"

"எப்படின்னு தெரியலையேம்மா" என்று சொல்லி அழுதார்.

அவர் கற்றுக்கொள்ளப் போன கிட்டார் கடைக்காரர் பொறுமையானவர். "கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. மேல வரும்போது நுனி மட்டும் பட்டாப் போதும். மணிக்கட்டை இறுக்காதீங்க." நாள் முழுக்க போல்ட் முடுக்கிய மணிக்கட்டு அது, இறுக்க மட்டுமே அறியும். மேல்நோக்கி வரும்போதெல்லாம் பிக் தந்தியில் மாட்டித் தெறித்து விழுந்தது. மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. மனைவி தினமும் தெருமுனைக்குப் போய், வெறும் காற்றுக்குக் குடை பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். மருந்துக்கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அது மகளுக்கா மனைவிக்கா என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் கை வசப்பட்டது. மேல்நோக்கி ஒவ்வொரு தட்டுக்கும் மகள் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி வந்தாள். ஸ்கூட்டர்கள் நின்று வழிவிட்டன. கூடத்துக்குள் வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்தாள். "போதும். இன்னும் போனா மாடி ரூம்தான்." மகள் கண்மூடியது அந்த அறையில்தான்.

அதனால் அவர் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மட்டுமே வாசிக்கிறார். கூடத்தில் அவள் ஓர் அடி முன்னால் வைக்கிறாள், ஓர் அடி பின்னால் வைக்கிறாள். முகத்தை ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்று இருவரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

"கை நல்லா வந்துடுச்சு. அடுத்து பிக் இல்லாம விரலால மீட்டக் கத்துக்கலாமே?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"வேண்டாங்க. அது அவளை எங்க கூட்டிட்டுப் போகுமோ."

அதுவும் சரிதான் என்று கடைக்காரர் விட்டுவிட்டார்.