எது யாருடைய சுங்கான்

எஜிதியோவுக்கு அன்று வந்த குழப்பம் நம் எதிரிக்குக்கூட வரவேண்டாம்.

இத்தாலியின் பெஸாரோ நகரில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இப்போது தன் மகள் வயதுள்ள மிரெல்லாவிடம் சுங்கான், அதாவது புகை பிடிக்கும் பைப், செய்யும் தொழில் பழகுகிறார். "மேஸ்திரி" என்றுதான் அவளைக் கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கியது, வாயோடு ஒட்டிக்கொண்டது.

அன்று காலை மிரெல்லா அவருடைய பெயர் வெட்டிய இரும்பு முத்திரையை மேசைமேல் வைத்தாள். அவர் கையால் முதல்முறையாக ஒரு சுங்கான் தேறியிருந்தது. அவள் செய்த ஒன்றைப் பார்த்துப் பார்த்து அச்சாகக் கடைந்தது. பெயரை அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள்.

மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுங்கான் கடைந்த வேர்க்கட்டையின் ரேகை எப்படித் தெரிகிறது பார்ப்போம் என்று தன்னுடையதை ஸ்பிரிட் துணியால் துடைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னும் முத்திரை விழாத அவளுடையதையும் துடைத்தார். இரண்டையும் ஜன்னலோரம் காயவைத்துவிட்டுக் கைகழுவித் திரும்பினால், எது யாருடையது என்று தெரியவில்லை.

ஒன்றை எடுத்தார். நம்முடையதுதான் என்று கை சொன்னது. அடுத்ததை எடுத்தார். அதற்கும் கை அதையே சொன்னது. கனம் பார்த்தார், ஊதினார், தட்டிக் கேட்டார். வேலை ஒன்றுபோல் வந்துவிட்டதே என்று பூரிப்பதா, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத கண்ணை நோவதா? அவள் வேலையில் தன் பெயரை அடித்துவிட்டால் அது திருட்டல்லவா?

மிரெல்லா வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"பஸ்ஸையும் இப்படித்தான் மாத்தி எடுத்துட்டுப் போவீங்களாண்ணே?" என்று சிரித்தபடி ஒன்றை எடுத்தவள், இதுதான் தன்னுடையது என்றாள். அடுத்ததைப் புரட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில், பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இரண்டிலும் புகையிலை நிரப்பி, வாசல்படியில் உட்கார்ந்து ஆளுக்கொன்றைப் பற்றவைத்தார்கள். பாதி எரிந்தபோது அவள் பிடித்ததில் குளகுளவென்று சத்தம் கேட்டது. புகை போகும் துளை கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் அடியில் ஈரம் தங்கி இப்படித்தான் கத்தும். எஜிதியோவின் முகம் தொங்கிவிட்டது.

"தெரிஞ்சுபோச்சு மேஸ்திரி. அதான் என்னுது. குடுங்க."

அவள் கொடுக்கவில்லை.

"இது என்னுதுண்ணே. துளை போடறப்ப கை லேசா மேல போச்சு. சரியாப் போயிடும்னு விட்டுட்டேன்."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"உங்களுக்காக என் வேலைய நானே மட்டம்னு சொல்லுவனா? ஆறட்டும், முத்திரைய அடிங்க."

டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுகிறவர் அவர். மிரெல்லாவின் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

தன் கையிலிருந்ததன் சூடு ஆறியதும் அதன் காம்பின்மேல் முத்திரையை வைத்து ஒரே அடி. எஜிதியோ என்று அழகாக விழுந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெறும் சுங்கானை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துக்கொண்டே போனார், எங்கேயாவது குளகுளவென்று கேட்டுவிடுமோ என்று.