போபோடி டவரில் சின்னதுரை

போபோடி டவரில் நெட் சிக்னலை வாங்கி அனுப்பும் ரேடியோ எரிந்துபோன செவ்வாய்க்கிழமையிலிருந்து, முந்நூற்று நாற்பது வீடுகளுக்கான இணையம் டெக்னீஷியன் சின்னதுரையின் உடம்பு வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அன்று மொட்டைமாடியில், கருகிய ரேடியோவிலிருந்து பிடுங்கிய கேபிளை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு சிக்னல் வரும் கட்கிப் பக்கம் பார்த்து நின்றார், நெட் வந்துவிட்டது. வேகம் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் என்று கூட வேலை பார்க்கும் இர்பான் சோதித்துச் சொன்னான். அசைந்தால் போய்விடும், அவ்வளவுதான்.

டவருக்கு ஒரு ஸ்பேர் ரேடியோ வைத்திருப்பது வழக்கம். போபோடியின் ஸ்பேரை, ஆபீசுக்குத் தெரியாமல், வானவடியில் மகள் தமிழரசியின் வீட்டு மாடியில் மாட்டியிருந்தார். அவள் வீட்டுக்குள் மொபைல் சிக்னல் கிடையாது. வேலை, போன் எல்லாம் போபோடி டவரிலிருந்து வரும் வைஃபையில்தான். மனைவி பவுன் இறந்த பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் மிச்சமிருந்த பேச்சே "நெட் வருதா?", "வருதுப்பா" என்பதுதான். அதைப் போய்க் கழற்ற மனசு வரவில்லை. ஸ்பேரும் எரிந்துவிட்டது என்று ஆபீசில் ஒரே போடாகப் போட்டார்.

நெட் போனால் அவருக்கு நாற்பது போன் வரும். ஓடினால் ஒருவருக்கும் அவர் ஞாபகம் இருக்காது. இர்பான் காலையில் வடாபாவ் ஊட்டிவிட்டுப் போவான். பதினோரு நாள் போன் அடிக்கவே இல்லை. முந்நூற்று நாற்பது வீட்டுச் சிரிப்பும் சண்டையும் எலும்புக்குள் ஓடின. அதில் ஒரு வார்த்தைகூட அவருக்கில்லை. அந்தத் தனிமை எதிரிக்கும் வரக் கூடாது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தமிழரசி தானாகவே கூப்பிட்டாள். அழைப்பு அவர் தோளில் ஏறி, நெஞ்சைக் கடந்து, சட்டைப்பையில் அடித்தது. எடுக்கக் கையைத் தூக்கினால் அத்தனை வீடுகளோடு அவளும் அறுந்துபோவாள் என்று தெரியும். தெரிந்தும் தூக்கினார். போன் அடங்கியது.

ஒரு மணி நேரத்தில் அவள் ஸ்கூட்டரில் வந்து, மூச்சு வாங்க மாடி ஏறினாள்.

"நெட் போச்சுப்பா."

"இப்ப வந்திருச்சும்மா. நான் கொஞ்சம் அசங்கிட்டேன்."

அவள் கேபிளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "ஸ்பேர் எங்க?"

"உன் வீட்டு மாடியில."

"கழட்டிக் கொண்டாந்துரவாப்பா?"

"வேணாம்மா. அப்புறம் எப்படிக் கூப்பிடுவ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே போய் சாய் வாங்கி வந்து, ஊதி ஊதிப் புகட்டினாள்.

கோளாறில்லாமல் ஓடுவதால் புது ரேடியோ தேவையில்லை என்று ஆபீசில் முடிவானது. மழைக்கு முன் இர்பான் வந்து, எல்லாக் கருவிகளுக்கும் மாட்டுவதுபோல அவருக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டினான். தமிழரசி ஞாயிறுதோறும் வருகிறாள். மற்ற ஆறு நாளும் மத்தியானத்தில் ஒருமுறை கூப்பிடுகிறாள். அவர் எடுப்பதில்லை, முழுக்க அடிக்க விடுகிறார்.