பன்னிரண்டில் இரண்டு

“எந்த ரெண்டைத் தூக்கலாம்? சொல்லு” என்றாள் அக்கா. வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன்.

அக்கா ‘நங்கூரம்’ தொடரின் கதைக்குழுவில் இருக்கிறாள். விண்வெளியில் வழி தவறிய ஒரு சரக்குக் கப்பலின் கதை அது. பதினான்கு வருடமாக ஓடுகிறது. கப்பல் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அதைப் பார்க்கத் தொடங்கியவள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு பழைய சீசன்களையெல்லாம் மறுபடியும் பார்த்து முடித்தேன். வீட்டில் இருப்பவளுக்கு வேறென்ன வேலை?

இந்த சீசனுக்குப் பன்னிரண்டு கதைகளைப் படம்பிடித்துவிட்டார்கள். இப்போது சேனல், பத்துக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டது. எந்த இரண்டை விடுவது என்று குழுவில் ஒவ்வொருவரும் இன்று மாலை ஆறு மணிக்குள் தலையிடம் சொல்லவேண்டும். தலை என்றால் குழுவின் தலைவர். அவர் எதிரிலேயே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தூக்கப்பட்ட கதையை எழுதியவருக்கு அடுத்த சீசனில் இடம் இருக்குமா என்பது சந்தேகம். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லையாம். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது என்றாள் அக்கா.

திரையில் யார் பெயரும் வராது, ‘கதைக்குழு’ என்று மட்டும்தான் வரும். எது தன்னுடையது என்று அக்கா என்னிடமும் சொல்லவில்லை. “தெரிஞ்சா நீ மழுப்புவே” என்று சொல்லித்தான் பன்னிரண்டும் இருந்த மடிக்கணினியைக் கொடுத்திருந்தாள்.

“ஒன்பதாவது” என்றேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெடித்துக்கொண்டே இருக்கிறது. யாரைச் சுடுகிறோம் என்று சுடுகிறவர்களுக்கே தெரிந்திருக்காது.

அக்கா சிரித்துவிட்டாள். “அது தேறாது, எங்களுக்கே தெரியும். இன்னொண்ணு?”

ஆறாவது என்று சொல்லியிருக்க வேண்டும். அதில் கப்பல் நாற்பது நிமிடம் அப்படியே நிற்கிறது. எதற்கு நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நடுவில் கேப்டன் வெளிக்கதவைப் பூட்டி, பூட்டைத் தட்டிக்கொடுத்து, “உன்னை நம்பித்தான் தூங்கப் போறேன், கவுத்துடாதே” என்கிறார். அது எங்கள் அம்மாவின் பேச்சு. ஒருமுறை நாங்கள் வீடு திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. பீரோ காலி. அன்றிலிருந்து அம்மா பூட்டிடம் பேசிவிட்டுத்தான் தூங்கவோ வெளியேவோ போவாள். உலகத்தில் வேறு யார் பூட்டிடம் பேசுகிறார்கள்? ஆறாவதை எழுதியது அக்காதான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

“மூணாவது” என்றேன்.

“ஏன்?”

“முடிவு ஏமாத்து வேலைக்கா. அப்படி முடிச்சா மத்ததெல்லாம் வேஸ்ட்தானே?”

சாதாரணமாக நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் திக்கித் திணறுவேன். முடிவு பிடிக்காதது நிஜம், தூக்கச் சொன்னதுதான் பொய். பொய் என்றதும் எவ்வளவு சரளமாக வருகிறது!

“அப்ப ஆறாவது?”

“ஆறாவது நல்லா இருக்கு. அமைதியா, ஆழமா.”

“ஆழமா...” என்றாள் அக்கா. அவள் முகம் வெளுத்திருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

சுவரோரம் விடுதியிலிருந்து கூலிக்கு வாங்கிய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “மூணாவதுன்னா ரேடியோல ஒருத்தி தன் குரலையே கேக்கறாளே, அந்தக் கதையா? அதுக்குத்தானேடி நீ ஒரு மாசம் சோறு இறங்காம கிடந்தே?”

“அம்மா!”

“என்ன அம்மா? சமையக்கட்டுல நின்னு வசனமெல்லாம் என்கிட்ட பேசிக் காட்டினே. இவ குறட்டை விட்டுட்டிருந்தா. என்ன ஜட்ஜம்மா, அதையா தூக்கச் சொன்னே?”

நான் அக்கா பக்கம் திரும்பினேன். “அப்ப... ஆறாவது யாரு எழுதினது?”

“தலை.”

“பூட்டுகிட்ட பேசறது?”

“டீ குடிக்கறப்ப அம்மாவைப் பத்திச் சும்மா சொல்லிட்டிருந்தேன். அவருக்குப் பிடிச்சுப்போச்சு, எடுத்துக்கிட்டாரு.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. “நான் பேசறது டிவில வருதா? நல்லா இருக்கா?” என்று அம்மா கேட்டாள்.

“அக்கா, மூணாவதைத் தூக்க வேண்டாம்” என்றேன்.

“இப்ப மாத்தாதே. என்னோடதுன்னு தெரிஞ்சதும் பாவம் பார்க்கறே.”

“இல்லக்கா. முன்னாடிதான் பாவம் பார்த்தேன்.”

அவளுக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் கோபம் வந்தது. “எனக்கு ஐஸ் வைக்கவா உன்கிட்ட குடுத்தேன்? குழுவுல எவன் சொல்றதையும் நம்ப முடியலன்னுதானே உன்கிட்ட வந்தேன். இனிமே நீ நல்லா இருக்குன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?”

மடிக்கணினியைத் திறந்து மூன்றாவதை ஓடவிட்டேன்.

கப்பலின் பொறியாளர் பெண் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வரப்போகும் வருடங்களிலிருந்து அவள் குரலே அவளைக் கூப்பிடுகிறது. பதில் சொல்லும் பொத்தானுக்கு மேலே அவள் விரல் நிற்கிறது. அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அம்மா கையில் சட்டையோடு வந்து பின்னால் நின்றாள்.

அங்கே நிறுத்தினேன். “இந்த இடம் வரைக்கும் இந்த சீசன்லயே இதுதான் ஒண்ணாம் நம்பர். இதுக்கப்புறம் நீ பயந்துட்டே. அவ பதில் சொன்னா என்ன ஆகும்னு எழுதாம, எல்லாம் கப்பல் கம்ப்யூட்டர் வச்ச பரீட்சைன்னு முடிச்சுட்டே.”

“நாள் இல்லடி.”

“இருக்கட்டும். அதைப் பார்க்கறவங்ககிட்ட சொல்ல முடியுமா?”

அக்கா கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆறும் ஒன்பதும்னு சொன்னா, தலை மூஞ்சிக்கு நேரா உன் கதை சரியில்லன்னு சொன்ன மாதிரி. தெரியுதில்ல?” என்றாள்.

“தெரியுது. அவர்கிட்ட சொல்ல முடியாதுன்னா வேற சொல்லு. ஆனா என்னைக் கேட்டா அதான்.”

மணி ஆறாகப் போகிறது. அக்கா போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, “தலை, நான் தூக்கச் சொல்றது ஒன்பதும் ஆறும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

“நீயே யோசிச்சதா?” என்று தலை கேட்டார்.

“என் தங்கச்சி சொன்னா. எல்லா சீசனும் பார்த்தவ.”

“போனைக் குடு அவகிட்ட.”

நான் போனில் பேசுகிறவள் இல்லை. மணி அடித்தாலே குளியலறைக்குள் போய்விடுவேன். அக்கா போனை என் வாய்க்குக் கிட்டே நீட்டினாள்.

“ஆறாவதுல என்னம்மா குறை?”

“எங்க அம்மா பூட்டுகிட்ட பயத்துல பேசுவாங்க சார். உங்க கேப்டன் நாங்க சிரிக்கணும்னு பேசறாரு. அவருக்குப் பயமே இல்ல. பயமில்லாத ஆளு கப்பலை அவ்வளவு நேரம் நிறுத்தினா... கொட்டாவி வருது.”

கொட்டாவி என்ற சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“நீ கேப்டனைப் பார்க்கலம்மா, உங்க அம்மாவைப் பார்த்திருக்கே. மத்தவங்களுக்கு உங்க அம்மாவைத் தெரியாதே.”

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அப்படியானால் அக்காவின் வேலைக்கு நானே உலை வைத்தேனா?

“இருக்கலாம் சார். ஆனா கொட்டாவி வந்தது நிஜம்.”

“மூணாவது?”

நான் அக்காவைப் பார்த்தேன். “முடிவு பொய் சார். மிச்சத்தைத் தொடாதீங்க.”

“அக்காகிட்ட குடு.”

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். “சரி தலை... ம்... சரிங்க...” அம்மாவும் நானும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

போனை வைத்ததும், “என்னவாம்?” என்று அம்மா கேட்டாள்.

“முடிவை மாத்திக் காலைல கொண்டு வரணுமாம். அந்த ரேடியோ அறை செட்டை இன்னும் பிரிக்கலையாம். நல்லா இருந்தா மறுபடி எடுப்பாங்க. இல்லேன்னா ஒன்பதோட மூணும் போகும்.”

“ஆறாவது?” என்றேன்.

“பேச்சே எடுக்கல.”

“கோபமா இருக்காரா?”

“அதுதான் தெரியல. கோபமா இருந்தாலும் அவர் குரல் அப்படியேதான் இருக்கும்.” நாற்காலியை இழுத்து மடிக்கணினி முன்னால் போட்டாள். “சொல்லு. அவ பதில் சொன்னா என்ன ஆகும்?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“குத்தம் மட்டும் டக்குன்னு சொல்லத் தெரியுது! உளறு, பரவாயில்ல. நான் பிடிச்சுக்கறேன்.”

அவள் விரல்கள் காத்திருந்தன. நான் உளறத் தொடங்கினேன்.