விலாசம் போன படங்கள்

அக்கா தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் ரிப்பேர் கடை மேசையில் வைத்தாள். விவாகரத்து முடிந்த கையோடு அத்தான் இருந்த படங்களையெல்லாம் அழித்துவிட்டாளாம். இனி கம்ப்யூட்டரை மகள் குட்டியின் படிப்புக்குக் கொடுக்கப்போகிறாள்.

"சுத்தமா போயிடுச்சான்னு ஒரு தடவை பார்த்துடுடா."

அழிந்த கோப்புகளைத் தேடும் மென்பொருளை ஓட்டினேன். கடற்கரையில், ரயிலில், எங்கள் வீட்டு மாடிப்படியில் என்று அத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக வந்து நின்றார். அக்காவின் முகம் கடுகடுத்தது.

"குப்பைத் தொட்டியக்கூட காலி பண்ணினேனே. இவர் எப்படி இங்க?"

இதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அக்காவுக்கும் சொன்னேன். அழித்தால் படம் போகாது. எந்தப் படம் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் போகும். அந்த இடம் காலி என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை படம் அங்கேயேதான் கிடக்கும்.

"எல்லாத்து மேலயும் பூஜ்யமா எழுதிடவா? சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"இத்தனை வருஷத்துக்கு மேல பூஜ்யமா? வேண்டாம். குட்டியோட பாட்டு, டான்ஸ், அடம்னு என் போன் பிதுங்கி வழியுது. அதையெல்லாம் போடு."

போட்டேன். டிஸ்க் ஏறக்குறைய நிறைந்தது.

"இன்னும் கொஞ்சம் இடம் பாக்கி இருக்கு. அதுல அவர் இருந்தாலும் இருப்பார், அக்கா. தேடிப் பார்க்கவா?"

அக்கா ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும். எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாம இருந்தா போதும்."