கரை வரைக்கும்

"எனக்குப் பதிலா நீ ஏறுடி" என்று ஜோஹரா மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "எனக்குப் பாக்கும்போதே குடலைப் பிரட்டுது."

சைமா ஒரு காலைப் படகிலும் மறு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு தடுமாறினாள். வாத்துக் கழுத்து வைத்த, மஞ்சள் பெயின்ட் உரிந்த மிதிபடகு அது. ஜப்பார் முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டார். கழுத்து வரை ஜிப் இழுத்த கனத்த ஜாக்கெட், குரங்குக் குல்லா, வேலூரில் திபெத்துக்காரர்களிடம் வாங்கிய சிவப்புக் கம்பளிக் காலுறை. அந்தச் சின்ன ஏரியை அவர் சமுத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னை உக்கார வெச்சுப் பாக்கத்தான இம்மாந்தூரம் மலையேறி வந்தது" என்றார் மனைவியிடம். "இந்தத் தண்ணிக்கே பயந்தா அந்தத் தண்ணிக்கு இன்னா பண்ணுவே?"

"அந்தத் தண்ணிக்கு வர்றேன்னு யாரு சொன்னா?"

கரையில் வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்த மங்கம்மாள் சிரித்தாள். ஆலங்காயத்திலிருந்து அவர்களை ஜீப்பில் ஏற்றி வந்த சின்னராசு அவள் மகன்தான். இந்த வாணியம்பாடிக் குடும்பம் எதற்காகத் தை மாதக் குளிரில், ஜமுனாமரத்தூரில் அறை எடுத்துத் தங்கி, விடிந்ததும் விடியாததுமாகக் கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறது என்பதை அவன் முந்தின நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டான். அலாஸ்கா போகிறார்களாம். அதற்கு ஒத்திகையாம்.

ஜூன் மாதக் கடைசியில் பயணம். வான்கூவரில் வேலையிலிருக்கும் மகன் ஒவைஸ்தான் ஏற்பாடு. ஒரு வாரம் கப்பல், இறங்கிய பிறகு கண்ணாடிக் கூரை போட்ட ரயிலில் காட்டுக்குள், அங்கே கரடி நடமாடும் இடத்தில் ஒரு மரவீட்டில் தங்கல். ஆறு மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை. தோல் மண்டியிலிருந்து வந்ததும் ஜப்பார் மகளைப் பக்கத்தில் உட்கார்த்தி, போனில் வரும் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்வார். நாற்பது வருஷம் தோல் பார்த்த கண். கரடி வந்தாலும் சரி, கடல்நாய் வந்தாலும் சரி, "இது எத்தினி அடி தேறும்" என்றுதான் முதலில் கேட்பார்.

"சுத்திப் பாக்கப் போறீங்களா, சரக்கு எடுக்கப் போறீங்களா?" என்பாள் ஜோஹரா.

அவளுக்குக் குளிர் பயமில்லை. கரடியும் பயமில்லை. வீடியோவில் மகனிடம் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்.

"நடுக்கடல்ல ஒருத்தர் மவுத்தாயிட்டா எங்கடா அடக்குவாங்க?"

"அதுக்கெல்லாம் கப்பல்ல ஐஸ் பெட்டி இருக்கும்மா" என்று ஒவைஸ் சமாதானமாகத்தான் சொன்னான். அது அவளை இன்னும் கெடுத்தது.

"பெட்டியில வெச்சிட்டு மத்தவங்க திமிங்கலம் பாத்துட்டு வருவாங்களா? உசுரு மண்ணு மேல போவணும்டா. தண்ணி மேல போனா இறங்க எடந்தெரியாம அலையும்னு எங்கம்மா சொல்லும்."

அப்போது ஜப்பார்தான் வெற்றிலைப் பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சரிடியம்மா. தண்ணி மேல போவ மாட்டேன். எப்படியும் கரைக்கு வந்துட்டுதான் போவேன். போதுமா?"

சைமா படகில் ஏறி உட்கார்ந்தாள். இருவருக்கும் தனித்தனி மிதிக்கட்டை. நடுவே திருப்புகிற கம்பி. கரையிலிருந்து ஒருவன் படகைத் தள்ளிவிட்டான்.

தண்ணீர் மேல் பனி ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. அத்தா ஜப்பாருக்கு வாய் ஓயவில்லை. கப்பல் இப்படித்தான் மெதுவாகக் கிளம்பும் என்றார். அதோ அந்தப் பாறைதான் பனிமலை என்று வைத்துக்கொள் என்றார். பாறை மேல் ஒரு எருமை நின்றது.

"வேர்க்குது பாரு" என்று குல்லாவைத் தூக்கி நெற்றியைக் காட்டினார். "இந்தக் குளிர்லயும் வேர்க்குதுன்னா, ஜாக்கெட்டு நல்ல சரக்குதான்." ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"திரும்பலாமா அத்தா?"

"திருப்பு, திருப்பு. உங்கம்மா தேடுவா." கொஞ்ச நேரம் மிதித்தார். பிறகு, "ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அங்க பத்து மணிக்கு மேலதான் சூரியன் மறையுமாம். அதுக்கப்புறமும் சரியா இருட்டாதாம். இருட்டாத ஊர்ல ராத்திரி இஷாவை எப்பத் தொழுவுறது? பள்ளிவாசல் அஜரத்தைக் கேட்டேன். பக்கத்து ஊர்க் கணக்கை வெச்சுக்கோங்கன்னாரு. பக்கத்து ஊரும் இருட்டலன்னா?"

சைமாவுக்குச் சிரிப்பு வந்தது. கம்பியை வளைத்துத் திருப்பினாள். படகு ஏரி நடுவில் ஒரு வட்டம் போட்டுக் கரையைப் பார்த்தது. அம்மா தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு மங்கம்மாளிடம் கடலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

மிதிப்பது கனமாகிவிட்டதுபோல இருந்தது. எதிர்க்காற்று என்று நினைத்தாள். அத்தா பேசவில்லை, பேசிப் பேசி ஓய்ந்திருப்பார். குனிந்தபடியே ஊன்றி மிதித்தாள். கீழே பார்வையில் நான்கு கால்கள். அவளுடைய செருப்புக் கால்கள் இரண்டு, சிவப்புக் காலுறையும் ஷூவுமாக அவருடையவை இரண்டு. மேலே, கீழே, மேலே, கீழே. கோரைப்புல் தாண்டியது. தண்ணீர்ப் பாம்பு ஒன்று தலையை நீட்டிப் போனது. "அத்தா, பாம்பு" என்றாள். அவர் காலும் அவள் காலும் சுற்றிக்கொண்டே இருந்தன.

படகு கரையில் இடித்தது. அவள் கால்கள் நின்றன. அவருடையவையும் நின்றன.

"இறங்குங்க அத்தா."

அவர் தலை ஜாக்கெட்டுக்குள் இறங்கியிருந்தது. படகைப் பிடித்த ஆள் ஒரு முறை அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சைமாவைப் பார்த்தான். பிறகுதான் கத்தினான்.

மிதிக்கட்டைகள் இரண்டும் ஒரே கம்பியில் கோத்தவை என்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள். ஒருவர் மிதித்தால் போதும், மற்றவர் காலும் சேர்ந்து சுற்றும்.

மலை மேலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "வரும்போதே முடிஞ்சிருச்சுங்க" என்றார். எப்போது, எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஜோஹராவும் கேட்கவில்லை. மங்கம்மாள் கடலைக் கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள். முந்தானை ஓரத்தை நீளமாகக் கிழித்து நீட்டினாள்.

"வாயைக் கட்டிருங்கம்மா. உங்கள்ல கட்டுவீங்கதான? நேரம் போனா வெறச்சிப் போவும்."

ஜோஹரா அந்தத் துணியை வாங்கிக் கட்டினாள். கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று ஷூவைக் கழற்றியவள், காலுறையைக் கழற்றவில்லை. அதற்கு மேலேயே கட்டினாள்.

சின்னராசு ஜீப்பின் பின் இருக்கைகளை மடக்கிப் படுக்க வைத்தான். தலை அம்மா மடியில், கால் மகள் மடியில். ஒவ்வொரு வளைவிலும் கால்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சைமா இழுத்துப் பிடித்தாள். தன்னுடைய கால்கள் ஜீப்பின் தகரத்தில் எதையோ மிதிப்பது அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தினாள். அடுத்த வளைவுக்குள் அவை மறுபடி தொடங்கியிருந்தன.

போனில் ஒவைஸ் அழவில்லை. "நான் வந்து சேர ரெண்டு நாள் ஆவும்மா" என்றான். "எனக்காக வெச்சிருக்காதீங்க. எடுத்துருங்க."

ஜோஹரா "ம்" என்றாள்.

வாணியம்பாடி வீட்டில் அதற்குள் தெருவே கூடியிருந்தது. சின்னராசு செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆண்களோடு சேர்ந்து தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். யாரோ டீ கொடுத்தார்கள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

அத்தாவின் அக்கா ஷாகிரா மாமி சைமாவை மூலைக்கு இழுத்துப் போனாள். "நீதான பக்கத்துல இருந்தே? கடைசியா கலிமா சொன்னாரா?"

சாகும் வாயில் அல்லாவின் பேர் வந்ததா என்று எந்த மவுத்து வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி. சைமா வாசலைப் பார்த்தாள்.

"இன்னா சொன்னாரு, அதையாச்சும் சொல்லு."

"இஷா தொழுகையைப் பத்திப் பேசிட்டிருந்தாரு மாமி."

மாமியின் முகம் மாறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சற்று நேரத்தில் அடுப்படியில் ஒரு குரல், "தொழுகையைப் பத்திப் பேசிக்கிட்டே போய்ட்டாராம்" என்றது. வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, "தொழுவணும்னு சொல்லிக்கிட்டே கண்ணை மூடினாராம்" என்றாகியிருந்தது. யார் யாரோ வந்து சைமாவின் தலையைத் தடவினார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள். எருமை நின்ற பாறையைப் பனிமலை என்று காட்டியதையும், வேர்த்ததைக் காட்டிப் பெருமைப்பட்டதையும் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கொல்லைக்குப் போனாள், தண்ணீர்க் குடத்தைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி உள்ளே வந்தாள்.

"உக்காருடி. உக்காந்தா காலை ஆட்டாத" என்றாள் மாமி. "மவுத்து வூட்ல இன்னா இது."

குளிப்பாட்டி முடித்தவர்கள், கழற்றிய துணிகளை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு உள்ளே கொடுத்தார்கள். ஜோஹரா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கஃபன் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தபோதும், எல்லோரும் பார்த்து நகர்ந்தபோதும், அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்கைத் தோளில் ஏற்றி ஆண்கள் வாசல் தாண்டியபோதும் அவள் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. தெருமுனை திரும்பியதும் குரல்கள் அடங்கின. சின்னராசுவும் பின்னாலேயே போனான்.

ஜோஹரா இத்தா இருக்கப்போகும் உள்ளறையை மாமி கூட்டிப் பாய் விரித்துவிட்டுப் போயிருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அவள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. பயணத்துக்கு வாங்கிய பெரிய பெட்டிகள் இரண்டு அந்த அறையிலேயே சுவரோரம் நின்றன. நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளைச் சேலை கட்டி, வளையல் இல்லாத கையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். சைமா எதிரே பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

அம்மா பையைத் திறந்தாள். ஜாக்கெட், குல்லா, மங்கம்மாளின் சேலைக் கிழிசல் எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்தாள். கடைசியில் சிவப்புக் காலுறைகள். ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள். உட்புறத்தை வெளியே திருப்பிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்ததையும் அப்படியே.

"ஈரம் இல்ல" என்றாள்.

இரண்டையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் ஏதேதோ சொல்லுது. எனக்கு அது வேணாம். நீ ஒண்ணு சொல்லு. தண்ணி மேலயா? கரையிலயா?"

இந்தக் கேள்வி ஜீப்பிலேயே வந்திருக்க வேண்டும். இத்தனை நேரமும் அது அம்மாவின் மடியில் பையோடு இருந்திருக்கிறது. இனி இந்த அறையிலும் அது அம்மாவோடுதான் உட்கார்ந்திருக்கும். தூங்கும்போதும் விழிக்கும்போதும்.

சைமா அந்த நான்கு கால்களைப் பார்த்தாள். எங்கிருந்து அவள் கால் மட்டும் மிதித்தது? திரும்பியபோதா, கோரைப்புல்லிலா, பாம்பைப் பார்த்தபோதா? அவளுக்கே தெரியாது.

"கரை வர்ற வரைக்கும் அவரு காலு மிதியில சுத்திக்கிட்டுத்தாம்மா இருந்தது."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். கரையில இடிச்சப்புறம்தான் நின்னுச்சு."

ஜோஹரா மகளின் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சைமா கண்ணைத் தாழ்த்தவில்லை. அம்மாவின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

போன் அடித்தது. ஒவைஸ். சைமா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எடுத்துட்டாங்களாம்மா?"

"எடுத்துட்டாங்கடா."

"நான் கிளம்பிட்டேன். ஏர்போர்ட்ல இருக்கேன்." கொஞ்சம் தயங்கினான். "அந்தக் கப்பல், ரெயிலு எல்லாத்தையும் கேன்சல் பண்ணச் சொல்லிடறேம்மா. நீ அதை நெனச்சுக் கொழப்பிக்காத."

ஜோஹரா காலுறையை மறுபடி நல்ல பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இத்தா எப்ப முடியும்?" என்று மகளிடம் கேட்டாள்.

சைமா மனசுக்குள் மாதங்களை ஓட்டிப் பார்த்தாள். "மே கடைசியில."

"அம்மா? கேக்குதா?" என்றான் ஒவைஸ்.

"கேக்குது. இப்ப ஒண்ணும் கேன்சல் பண்ணாத. நீ மொதல்ல வா."

போனை வைத்ததும் காலுறைகளை மகளிடம் நீட்டினாள். "போட்டுப் பாரு."

"எனக்கா?"

"போடுன்றேன்."

சைமா போட்டாள். அத்தா கால் பெரிது. குதிகால் பகுதி அவளுக்குக் கணுக்காலுக்கு மேல் வந்து நின்றது. ஜோஹரா குனிந்து இழுத்துவிட்டாள். விரல் நுனியில் மீந்த கம்பளியைக் கிள்ளிப் பார்த்தாள்.

"வெந்நீர்ல ரெண்டு வாட்டி தொவச்சா சுருங்கிடும்" என்றாள்.

ஜன்னலில் வெயில் செம்மண் நிறமாகிவிட்டது. கபுருஸ்தான் போன ஆண்கள் இரண்டு மூன்று பேராகத் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. காலுறைக்குள் சைமாவின் பாதங்கள் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன, மேலே, கீழே. ஜோஹரா அவற்றைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அவள் கையை எடுக்கவில்லை.