மழை அறியாத நாட்டில் பத்து நாள்

உள்ளறைக் கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து, என் படைப்புக்கு வெளிச்சம் போட வாங்கிய விளக்குகளோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் உள்ளறையில் செம்மண்ணால் ஒரு நாட்டையே எழுப்பியிருந்தேன். மழையே பெய்யாத, மனிதர் கால் படாத என் கற்பனை நாடு. அது இப்போது சாண் உயரத்துக்கு முளைவிட்டு நின்றது. குன்றுகளில், பள்ளத்தாக்கில், வறண்ட ஆற்றில், எங்கு பார்த்தாலும் வெளிர்மஞ்சள் முளைகள். பதினொரு மணிக்கு இதைப் பார்க்கக் கலைக்கூடத்து அம்மாள் வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் கண்காட்சி. மூன்று வருடமாக எல்லா இடத்திலும் ‘வேண்டாம்’ என்றே கேட்டுப் பழகிய எனக்கு வந்த முதல் வாய்ப்பு இது.

“என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?” என்று கத்தினேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும், என்னை ஊர் வழக்கப்படி ‘ஆச்சி’ என்று கூப்பிடும் மலையம்மாள் தண்ணீர்க் குவளையோடு மலங்க விழித்தாள்.

“நீங்கதான ஆச்சி சொன்னீக? சன்னலத் தொறக்காத, செருப்போட யாரையும் விடாத, ரெண்டு வேளையும் தண்ணி தெளின்னு. மொளப்பாரின்னு நெனச்சேன். வெதயப் போட மறந்துட்டுப் போய்ட்டீகளேன்னு, தட்டப்பயறும் பாசிப்பயறும் ஊறவச்சு நாந்தான் போட்டேன்.”

மண் வெடிக்கக் கூடாதே என்று சொல்லிவிட்டுப் போனது நான். அம்மனுக்கு முளைப்பாரி போடும் அறைக்கும் இங்கே இதே கட்டுப்பாடுதான் என்று எனக்குத் தெரியாது. காரைக்குடிக்காரி என்று சொல்லிக்கொள்வதில் மட்டும் குறைச்சலில்லை.

ஆத்திரத்தில் ஒரு பிடி முளையை இழுத்தேன். குன்றின் தலையும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

“பிடுங்காதீக ஆச்சி.” அவள் குவளையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். “ஒங்க காரியம் கைகூடணும்னு பத்து நாளா ஒருபொழுதுதான் சாப்புடுறேன். இம்புட்டுச் செழிப்பா எங்க ஊர்லகூட வந்ததில்ல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. என் வேலைக்காக நானே ஒருவேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. குன்றை வைத்து அழுத்துவதற்காகக் குனிந்தபோதுதான் கவனித்தேன். தெளித்த தண்ணீர் சரிவுகளில் வழிந்து சேர்ந்த ஆற்றுத் தடத்தில்தான் முளைகள் நெருக்கமாக இருந்தன. நான் சும்மா கீறி வைத்திருந்த ஆறு, நான் இல்லாத நாட்களில் ஓடியிருக்கிறது.

வாசலில் கார் வந்து நின்றது. மலையம்மாள் என் முகத்தைப் பார்த்தாள்.

“சன்னலைத் திறங்கக்கா,” என்றேன்.

வெயில் நேராக ஆற்றின் மேல் விழுந்தது. அதன் பின்னாலேயே வந்த காற்றில், கரையிலிருந்து கரைவரை அத்தனை முளைகளும் நீர் போகிற திசையில் சாய்ந்தன.